முடி இறக்கும் வரிசை

வளர்மதிக்கு முன்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இப்போது எழுந்து போய்ச் சொன்னாலும் போதும், நேரம் இருக்கிறது என்று சுதாகர் நினைத்தான். நினைத்துவிட்டுத் தூணில் இன்னும் வாகாகச் சாய்ந்துகொண்டான். அவன் சுபாவமே அதுதான். ஒரு காரியத்தைச் செய்ய நேரம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், அதைச் செய்து முடித்த நிம்மதி வந்துவிடும். சமயபுரத்தில் முடி இறக்கும் மண்டபத்துக்கு வெளியே, பெண்டாட்டி பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் ஆண்கள் செருப்புகளின் நடுவே உட்கார்ந்திருக்கும் அந்த நிழலில், ஈர முடியின் வாடையும் சந்தனமும் டெட்டாலும் கலந்து வீசிக்கொண்டிருந்தன. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முதுகு எங்கே தெரிந்தது, பின்னல்தான் தெரிந்தது. இடுப்பைத் தாண்டி இறங்கித் தரையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கிடந்தது. பக்கத்திலிருந்த பெண் தெரியாமல் அதன்மேல் கையை ஊன்றிவிட, வளர்மதி சிரித்துக்கொண்டே அதை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இல்லாமல் போகப்போகிற ஒன்றை எதற்கு இவ்வளவு பத்திரமாக மடியில் வைத்துக்கொள்கிறாள்? சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். பஸ்ஸில் வரும்போதே அதைப் பலமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மதி, எனக்கு முடி கொட்டாமல் இருக்க நான் உனக்குத் தெரியாமல் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், நமக்குக் குழந்தை உண்டாகாததற்கு ஒருவேளை அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதில் அந்த 'ஒருவேளை' வரும்போதெல்லாம் சட்டை முள்ளில் மாட்டியது போல நின்றுவிடும். ஒருவேளை இருக்கலாம். ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம். இல்லாவிட்டால் சொல்லி என்ன பிரயோஜனம், வீணாக அவள் மனசு கெட்டதுதான் மிச்சம். இருந்துவிட்டால்? இருந்துவிட்டால் அவள் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறாள்? முதல் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள், தலையில் ஒன்றும் இல்லாமல். வரிசை மொத்தமும் உட்கார்ந்தபடியே ஒரு இடம் நகர்ந்தது.

தஞ்சாவூரில் அவனுக்கு மின்விளக்குக் கடையில் சூப்பர்வைசர் வேலை. வழுக்கை விழப்போகிறவன் வேலைக்குச் சேரவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது விளக்குக் கடைதான். கூரை முழுக்கத் தொங்கும், எரியும், எல்லாம் தலைக்கு நேராக எரியும். ஆனால் அவனுக்கு விஷயம் தெரிந்தது விளக்கால் இல்லை. பில் போடும் இடத்துக்கு மேலே புதிதாகக் கேமரா வைத்திருந்தார்கள். அதன் திரையில் ஒரு ஆள் மேஜைமேல் குனிந்து நின்றுகொண்டிருந்தார், உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக. அந்த சாரை யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்கத் திரும்பினான். திரையில் அந்த சாரும் திரும்பினார். அன்றைக்கு மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. கண்ணாடி முன்னால் நின்றால் முன்பக்கம்தானே தெரியும், முன்பக்கம் அப்போது நன்றாகவே இருந்தது. உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அவனுக்கு மட்டும் தெரியாமல் எத்தனை காலமாக அங்கே பின்னால் நடந்துகொண்டிருந்தது? பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள், கோயில் வரிசையில் பின்னால் நின்றவர்கள், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதற்கப்புறம் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். போர் தண்ணீர் என்றார் வீட்டுக்காரர். ஹெல்மெட் என்றான் கூட வேலை செய்பவன். உடம்புச் சூடு சார், ராத்திரி கண் முழிக்காதீங்க என்றார் சலூன்காரர், கண்ணாடியில் அவனைப் பார்க்காமல். சின்ன வெங்காயச் சாறு தேய்த்தான். கடைக்கு வந்த குடும்பம் ஒன்று மூக்கைச் சுளித்துக்கொண்டு மின்விசிறிப் பக்கம் நகர்ந்தது. வேப்பெண்ணெய், கரிசலாங்கண்ணி, விளக்கெண்ணெய் என்று தலை ஒரு நாட்டு மருந்துக் கடை ஆனதுதான் மிச்சம், முடி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் போன தோல் டாக்டர் அம்மாதான் ஒரு காகிதத்தில் மண்டையைப் படம் போட்டுக் காட்டினார். "தண்ணியும் இல்ல, ஹெல்மெட்டும் இல்ல. எல்லா ஆம்பளைங்க உடம்புலயும் இருக்கிற ஹார்மோன்தான். பரம்பரையா வர்றவங்களுக்கு முன்நெத்தியும் உச்சியும் அதைத் தாங்காது. ஒவ்வொரு தடவை முளைக்கும்போதும் முடி கொஞ்சம் மெலிசா, கொஞ்சம் குட்டையா வரும். அப்புறம் வராது. பின்மண்டைக்கு ஒண்ணும் ஆகாது." அம்மா வழியா, அப்பா வழியா என்று கேட்டான். ரெண்டு வழியாவும் வரலாம் என்றார். ஆக யார்மேலும் கோபப்பட முடியாது. தன் உடம்பே உட்கார்ந்துகொண்டு தன் முடியைத் தின்கிறது, அதுவும் ஆம்பளையாக இருப்பதற்காக. மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் ஒன்று, நிறுத்தினால் காப்பாற்றிய முடியும் போய்விடும். சிலருக்கு ஆசை குறையலாம், விந்து குறையலாம், எல்லோருக்கும் இல்லை, குழந்தைக்கு முயற்சி பண்ணும்போது கட்டாயம் வந்து சொல்லுங்க, நிறுத்திப் பார்க்கலாம், பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். அப்போது கல்யாணமே ஆகவில்லை. மாடு வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசுவானேன் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான். அதன்பிறகு அந்த அம்மாவிடம் அவன் போகவே இல்லை; மருந்துக் கடையில் பழக்கமாகிவிட்டது, கேட்டால் கொடுத்தார்கள்.

"தம்பிக்கு வேண்டுதலா, வீட்டம்மாவுக்கா?" பக்கத்திலிருந்த பெரியவர் கேட்டார். தோளில் மஞ்சள் துண்டு, தலை வெள்ளித் தாம்பாளம். அப்படி ஒரு தலையை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படிப் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார் என்று சுதாகருக்கு எரிச்சலாக இருந்தது. "வீட்டுல" என்றான். "எங்களுக்குப் பேத்தி மொட்டை. நானும் போட்டுக்குறேன்னு போனேன், டிக்கெட் குடுக்குற பய உனக்கு டிக்கெட்டே வேணாம் போ பெரியப்பான்னுட்டான். ஆத்தா எனக்கு முன்பணமாவே வாங்கிக்கிட்டா தம்பி!" என்று தலையைத் தானே தட்டிக்கொண்டார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்தார். "அந்த நீளப் பின்னல் பொண்ணா? அடேயப்பா. பொம்பளை மொட்டை போடுறதுன்னா அதுக்கு ஒரு மனசு வேணும். பிள்ளைக்கா?" சுதாகர் ஆமாம் என்கிற மாதிரியும் இல்லை என்கிற மாதிரியும் ஒரு சத்தம் கொடுத்தான். "அப்ப நீங்களும் போட்டுருங்க. புருஷன் பெண்டாட்டி சேந்து குடுத்தா விசேஷம். உங்களுக்கு என்ன, பத்து நாள்ல மொளச்சிரும்." உங்களுக்கு என்ன. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவனுக்குக் கேவலமாக ஒரு சந்தோஷம் வந்தது. இவருக்குத் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் தெரியவில்லை, அப்படியென்றால் மாத்திரை வேலை செய்கிறது. உடனே அந்தச் சந்தோஷத்தின் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. மொட்டை போடுவதா? வழுக்கை விழுகிறவன் மொட்டை போட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், ஆஸ்பத்திரியிலும் சாவு வீட்டிலும் உற்றுப் பார்த்திருக்கிறான். முடி இருந்த இடம் கறுப்பாகவும் இல்லாத இடம் வெளுப்பாகவும் இரண்டு நிறத்தில் தெரியும், ஊர் வரைபடம் மாதிரி. அதற்கு அப்பனுடைய தலையே தேவலை. அப்பன் என்று நினைத்ததும் வண்டியும் காற்றும் வந்துவிட்டன.

அப்பாவுக்குக் காதோரத்தில் ஒரு கற்றை முடியை நீளமாக வளர்த்து, அதை எதிர்ப்பக்கம் இழுத்துப் படிய வைக்கும் பழக்கம். சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் அவர் போகும்போது காற்றடித்தால் அந்தக் கற்றை கிளம்பித் தோள்வரைக்கும் ஆடும். பின்னால் உட்கார்ந்திருந்த சுதாகரின் முகத்திலேயே வந்து படும். வீட்டுத் தெருமுனை வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, எச்சில் தொட்டு வாரிக்கொண்டுதான் உள்ளே வருவார். யாருக்காக வாரினார்? அம்மாவுக்காகத்தான். அப்படியும் அம்மா விட்டாளா. சாதம் போடும்போது சொல்வாள், குழம்பு ஊற்றும்போது சொல்வாள்: "இந்த மனுஷனுக்குத் தலைக்கு மேலயும் ஒண்ணும் இல்ல, உள்ளயும் ஒண்ணும் இல்ல." விருந்தாளிகள் முன்னால் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே அவர் சோற்றைப் பிசையும் விதம், விரல் மட்டும் வேகமாகப் போகும் விதம், அதை அவன் பார்த்துக்கொண்டே வளர்ந்தான். ஒரு ஆணுக்கு முடி போவது என்றால் அவனுக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். முடி போவதில்லை, மரியாதை போவது. டாக்டர் அம்மா படம் போட்டுக் காட்டிய ஹார்மோன் கதையில் இது எங்கே இருந்தது? அதனால்தான் பெண் பார்க்கப் போன அன்றைக்கு உச்சியில் கறுப்புப் பொடி தூவிக்கொண்டு போனான். அப்படி ஒரு பொடி இருக்கிறது, தூவினால் முடி மாதிரியே ஒட்டிக்கொள்ளும், குனியாமல் வியர்க்காமல் இருந்தால் சரி. அவனுடைய பெரியம்மா வளர்மதியின் பின்னால் போய்ப் பிரியமாகத் தலையைத் தடவுகிற மாதிரி தடவி, பின்னலைச் சுண்டி இழுத்துப் பார்த்தாள், சவுரியா, சொந்த முடியா என்று. வளர்மதியின் தலை பின்னால் சாய்ந்து திரும்பியது. அவள் சிரித்துச் சமாளித்தாள். அவன் தலையை இழுத்துப் பார்க்க அந்தக் கூடத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பெரியவங்க கால்ல விழுந்து கும்பிட்டுக்கப்பா என்றபோது மட்டும் அவன் முட்டி வலி என்று சொல்லி நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டான். மாப்பிள்ளைக்குத் திமிர் என்று பெண் வீட்டில் இன்றைக்கு வரைக்கும் ஒரு பேச்சு உண்டு. திமிராம். உச்சந்தலையில் ஒரு கைப்பிடி பொடி, அவ்வளவுதான் திமிர். கல்யாணமான புதிதில் தலையணை உறையில் கறுப்புக் கறுப்பாகத் திட்டு. வளர்மதி ஒன்றும் கேட்காமல் துவைத்துப் போட்டாள். பிறகு ஒருநாள், அவன் கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றபோது, பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "முடி போனாத்தான் என்னங்க, எனக்கு அதுல ஒண்ணும் இல்ல." எவ்வளவு பெரிய வார்த்தை. அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல், கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடிவாள், உனக்கு என்ன தெரியும் என்று கத்திவிட்டு அன்றைக்கு அவன் சாப்பிடாமல் கடைக்குப் போனான். அவள் அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அவளுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர். இல்லை, ஐந்து. ஒரு குழந்தை வீறிட்டு அழ, அதன் மாமன் அதை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அதைவிடப் பெரிதாகக் கண்ணீர் விட்டான். இப்போதாவது எழுந்திருடா. கால் மரத்துப்போயிருந்தது, அல்லது மரத்துப்போன மாதிரி அவனே நினைத்துக்கொண்டான். கருத்தரிப்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாரே, அப்போது என்ன மரத்துப்போயிருந்தது? இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு எல்லாச் சோதனையும் முடிந்து ஒரு குறையும் இல்லை என்று ஆகியிருந்தது. "உங்களுக்குத்தான் சார் எண்ணிக்கை கொஞ்சம் குறைச்சலா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, கொஞ்ச மாசம் விட்டு மறுபடி பாப்போம். அதுவரைக்கும் இவங்களுக்கு மாசாமாசம் ஊசி போட்டுக்கிட்டு வருவோம். புகை, குடி?" இல்லை. "வேற மாத்திரை ஏதாவது எடுக்குறீங்களா?" அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு. அவன் நுழைந்திருக்கலாம். "இல்ல டாக்டர்." வளர்மதி அவனைத் திரும்பிப் பார்த்தாள் என்று அவனுக்கு ஒரு ஞாபகம், பார்க்கவில்லை என்றும் ஞாபகம். வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னடா சொன்னாங்க என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். எனக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் நார்மல் என்றான். எப்படி வந்தது அந்த வார்த்தை, வழவழவென்று, எண்ணெய் போட்ட மாதிரி? வளர்மதி பக்கத்தில்தான் நின்றாள், செருப்பைக் கழற்றிக்கொண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றையிலிருந்து அம்மா சோறு போடும்போது சொல்கிறாள், குழம்பு ஊற்றும்போது சொல்கிறாள். "அஞ்சு முழத்துக்கு மசுரு மட்டும் வளருது, வயித்துல ஒண்ணு வளரக் காணோம்." பக்கத்து வீட்டுப் பெண்கள் முன்னால் சொல்கிறாள். வளர்மதி சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே அவள் சோற்றைப் பிசைகிறாள், விரல் மட்டும் வேகமாகப் போகிறது. அப்பா உட்கார்ந்த அதே இடத்தில் அவளை உட்கார வைத்தவன் அவன்தான். இது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒருமுறை மாத்திரையை நிறுத்தியும் பார்த்தான். ஒரு மாதத்துக்குமேல் நிறுத்தினான். பிறகு குளியலறையில், தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றி முடி. சோப்பில் முடி. துண்டில் முடி. அது மாத்திரையை விட்டதால் வந்ததா, பயத்தால் வந்ததா, அவளுடைய முடியா என்றுகூடப் பார்க்காமல் அன்றைக்கே மறுபடி வாங்கிவிட்டான். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பழைய கால்சியம் டப்பாவில் போட்டு, சவரச் சாமான் பைக்குள் வைத்துக்கொண்டான். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குவான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இட்லி ஊற்றிக்கொண்டே வளர்மதி சொன்னாள்: "ஆத்தாளுக்கு மொட்டை வேண்டிக்கிட்டேங்க." அவன் தட்டைக் கீழே வைத்தான். உனக்கென்ன பைத்தியமா, இதெல்லாம் நம்புறியா என்றான். "மசுரக் கட்டி மலைய இழுக்குறோம். வந்தா மலை, போனா மசுருதான?" என்று சிரித்தாள். போனால் மயிர்தானே. அவளுக்கு அது வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது. அவனுக்கு அந்த மயிரை விட முடியவில்லை என்பதுதானே எல்லாமே.

அவன் எழுந்துவிட்டான். எழுந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரியவர் "போங்க, போங்க, கூட நில்லுங்க" என்றார். கம்பித் தடுப்பின் ஓரமாக ஈரத் தரையில் வழுக்கி வழுக்கி நடந்தான். தரையெல்லாம் நீளம் நீளமாக முடி, ஒட்டிக்கொண்டு, காலில் சுற்றிக்கொண்டு. இத்தனை முடியை ஜனங்கள் இங்கே வந்து சும்மா கொட்டிவிட்டுப் போகிறார்கள், ஒருத்தர் முகத்திலும் துக்கம் இல்லை. வளர்மதி பின்னலை அவிழ்த்துக் குழாயடியில் நனைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரே ஒரு பாட்டிதான். நனைந்த முடி அவள் முதுகு, தோள், மடி எல்லாவற்றையும் மூடியிருக்க, நடுவில் முகம் சின்னதாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகமாகத் தெரிந்தது. "என்னங்க, ஏன் எழுந்து வந்தீங்க? தாகமா இருக்கா?" அவன் அவளைக் கேட்க வேண்டியதை அவள் அவனைக் கேட்டாள். "மதி, வேணாம்" என்றான். "என்ன வேணாம்?" "மொட்டை வேணாம். பூமுடி மட்டும் குடுத்துருவோம். மூணு கத்தரிப்பு கத்தரிச்சாப் போதும்னு அந்தப் பெரியவர்கூடச் சொன்னார்." பெரியவர் அப்படி எதுவும் சொல்லவில்லை, பொய் அவனுக்கு உண்மையைவிட முந்திக்கொண்டு வந்தது. "வேண்டிக்கிட்டதுல குறைக்கக் கூடாதுங்க" என்றாள் அவள். "எதுக்கு நீ குடுக்கணும்? நீ எதுக்கு?" குரல் உயர்ந்துவிட்டது. பாட்டியின் தலையில் வேலை செய்துகொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இதோ, இதுதான் அந்த இடைவெளி, மறுபடி அதே அளவு. எனக்கு முடி கொட்டாமல் இருக்க நான். நான் உனக்குத் தெரியாமல். சுற்றிலும் பெண்கள், ஈரமாக, மொட்டையாக, பாதி மொட்டையாக, அவனையே பார்த்துக்கொண்டு. இத்தனை பேர் நடுவில், இந்தத் தலையை வைத்துக்கொண்டு, முடிக்காக என்று எப்படிச் சொல்வது? சிரிப்பார்கள். அதில் ஒருத்தியாவது சிரிப்பாள். "எனக்கு ஒரு மாதிரி இருக்கு, அதான்" என்றான். வளர்மதியின் கண் நிறைந்துவிட்டது. "என் முடி மேல இவ்வளவு ஆசையா உங்களுக்கு? மொளச்சிரும்ங்க. போங்க, போய் நிழல்ல உக்காருங்க." கையை நீட்டி அவன் கணுக்காலை லேசாகத் தொட்டுத் தள்ளினாள். அவன் போனான். போகச் சொன்னதும் போய்விட்டான் என்பதைவிட, போகச் சொன்னதில் அவனுக்கு ஒரு விடுதலை இருந்தது என்பதுதான் கேவலம்.

தூணுக்குத் திரும்பி வந்து உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தான். பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தான், ஆனால் கண் போய்விட்டது. கத்தியின் முதல் இழுப்பு உச்சியிலிருந்து நெற்றிக்கு. சத்தமே இல்லை என்று நினைத்தான், ஆனால் அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் கேட்ட மாதிரி இருந்தது, சரசரவென்று. அவ்வளவு நீளமான முடி விழும்போது விழுகிற மாதிரி இல்லை, தோளில் இருந்து யாரோ எழுந்து போகிற மாதிரி இருந்தது. மடியில் விழுந்ததை அவள் கையால் ஒதுக்கினாள். சவுரியா என்று இழுத்துப் பார்த்த பெரியம்மாவின் கை, அந்தக் கை இப்போது எங்கே இருக்கும், ஏதாவது வீட்டில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருக்கும். அம்மா இன்றைக்கு என்ன சொல்வாள்? இனி அஞ்சு முழம் என்று சொல்ல முடியாது, வேறு ஏதாவது கண்டுபிடிப்பாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். இங்கே அவன் தலைக்கு வந்தது அவள் தலையோடு போய்க்கொண்டிருந்தது. இப்போது சொன்னாலும் என்ன, இனி ஒட்டவா முடியும் என்று மனசு ஒரு நியாயத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தது. அவன் அதை எடுத்துக்கொள்ளவில்லை, தள்ளியும் வைக்கவில்லை. இல்லை, சொல்லிவிடுவேன். குளித்துவிட்டு வரட்டும். முடி போனால் போகிறது, அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவள் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாளே, அதுவாவது நிற்க வேண்டாமா? ஊசி போட்ட இடத்தில் அவளுக்கு நீலமாகக் கட்டியிருக்கும். துணி மாற்றும்போது அவனுக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்வாள். நான் நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடலாம். ஆகாமலும் போகலாம். ஆகாமல் போனாலும் நான் நிறுத்தினேன் என்று இருக்குமல்லவா? முதல்முறையாக அந்த 'ஒருவேளை' தொண்டையில் மாட்டாமல் நகர்ந்தது. சொல்லிவிடலாம் போல இருந்தது. நிஜமாகவே சொல்லிவிடலாம் போல இருந்தது.

மஞ்சள் சேலை ஒன்று அவனைப் பார்த்து வந்தது. பக்கத்தில் வரும் வரைக்கும் அது தன் மனைவி என்று அவனுக்குத் தெரியவில்லை. தலை முழுக்கச் சந்தனம் பூசி, காது இரண்டும் இவ்வளவு பெரியதா என்கிற மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு, இடது காதுக்குப் பின்னால் ஒரு பழைய தழும்போடு, வேறு யாரோ மாதிரி இருந்தாள். கழுத்து வெறுமையாக நீளமாக இருந்தது. "என்னங்க இப்படிப் பாக்குறீங்க? அசிங்கமா இருக்கா?"

"இல்ல."

"காத்து நேரா மண்டையில படுதுங்க. எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? இத்தனை நாளா எதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன்னு இருக்கு." தலையைத் தடவப் போய், சந்தனம் ஒட்டும் என்று கையை எடுத்துக்கொண்டு சிரித்தாள். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மதி" என்றான். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளாவே சொல்லணும்னு. இப்பவே சொல்லணும்."

அவள் முகம் மாறியது. பயந்த மாதிரி இல்லை. எதிர்பார்த்திருந்த மாதிரி இருந்தது. அவன் தோளில் கிடந்த தன் பையை வாங்கித் திறந்துகொண்டே, "எனக்குத் தெரியும்ங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மாத்திரை."

சுதாகருக்குக் காது அடைத்தது. கோயில் மேளம், குழந்தைகள் அழுகை, தேங்காய் விற்கும் கூச்சல் எல்லாம் ஒரு கதவுக்குப் பின்னால் போன மாதிரி இருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி நெருங்கி நின்றாள்.

"அன்னைக்கு டாக்டர் உங்களுக்குக் குறைச்சல்னு சொன்னாருல்ல. அதுக்கப்புறம்தான் கவனிச்சேன், காலையில கதவைச் சாத்திக்கிட்டு மாத்திரை போடுறீங்க. தனியா எங்கயோ போய்க் காட்டி அதுக்கு மருந்து சாப்பிடுறீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். ஆம்பளைக்கு வெக்கமா இருக்கும்ல, அதான் கேக்கல. அத்தைகிட்டயும் மூச்சு விடல. என்னைத்தான சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும். உங்களை ஒரு வார்த்தை அப்படிச் சொன்னா என்னால தாங்க முடியாதுங்க."

"மதி, அது வந்து..."

"நான் ஆத்தாகிட்டப் பிள்ளை குடுன்னுகூடக் கேக்கல. அவரு சாப்பிடுற மருந்து பலிக்கணும், அவரு மேல குறைன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது, அவ்வளவுதான் வேண்டிக்கிட்டேன்." பைக்குள்ளிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரே ஒரு மாத்திரை. "கிளம்புற அவசரத்துல இன்னிக்கு நீங்க போடல. ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு நான் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்."

"நான் சொல்றதக் கேளு."

"முதல்ல போடுங்க. அப்புறம் எவ்வளவு வேணாலும் பேசலாம்." தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து ஒரு கையில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையை அவன் முன்னால் நீட்டினாள். உள்ளங்கையில் சந்தனம் ஒட்டியிருந்தது. அவள் மொட்டைத் தலையோடு, கண்ணைச் சிமிட்டாமல், அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் வாங்கிப் போட்டுக்கொண்டான். தண்ணீரையும் குடித்தான்.

"இறங்கிடுச்சா?" என்றாள்.

"இறங்கிடுச்சு" என்றான்.